போஹாங் கிணறும் இடுக்கி அணையும்

2017 நவம்பர் 15 பிற்பகல். தென் கொரியாவின் துறைமுக நகரமான போஹாங் குலுங்கியது. அளவு 5.5. சுவர்கள் சரிந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளை விட்டு மக்கள் வெளியேறினார்கள். மறுநாள் நாடு முழுவதும் ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்கள் எழுதவிருந்த பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை அரசு ஒரு வாரம் தள்ளிவைத்தது. கொரியாவில் கருவிப் பதிவு தொடங்கியதிலிருந்து இரண்டாவது பெரிய நிலநடுக்கம் இது.

முதலில் பலரும் இதை இயற்கைச் சீற்றம் என்றே நினைத்தார்கள். ஆனால் நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் ஒரு புவிவெப்ப மின்திட்டம் இருந்தது. 4 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இரண்டு துளைகள் போட்டு, சூடான பாறைக்குள் தண்ணீரை அழுத்திச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஓராண்டுக்கு மேல் ஆராய்ந்த அரசுக் குழு 2019 மார்ச் 20 அன்று தன் முடிவை அறிவித்தது: செலுத்திய தண்ணீர்தான் அடியிலிருந்த பாறைப் பிளவு ஒன்றை நகர வைத்து நடுக்கத்தைத் தூண்டியது.

கொரியாவில் நடந்ததற்கும் நமக்கும் என்ன தொடர்பு? பாலக்காட்டுக் கணவாயிலிருந்து தெற்கே இடுக்கி மலைகள் வரை புவிவெப்ப மின்நிலையம் ஒன்றுகூட இல்லை. ஆனால் பாறைக்குள் தண்ணீரை இறக்கும் வேலையை நாம் வேறொரு வழியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவருகிறோம். அதற்கு அணை என்று பெயர். போஹாங்கில் நடந்ததையும் இடுக்கியில் அவ்வப்போது உணரப்படும் சிறு அதிர்வுகளையும் புரிந்துகொள்ள ஒரே பௌதிகம் போதும்.

பாறையைப் பிடித்து வைத்திருப்பது எது?

நிலத்துக்கடியில் இருக்கும் பாறை ஒரே துண்டாக இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் உண்டான பிளவுகள் அதை வெட்டிக் கூறுபோட்டிருக்கின்றன. பிளவின் இருபுறப் பாறைகளும் எதிரெதிர்த் திசைகளில் நகரப் பார்க்கும். நகரவிடாமல் பிடித்து வைப்பது உராய்வு. அந்த உராய்வைத் தருவது மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாறை மேல் விழும் அழுத்தம். 5 கிலோமீட்டர் ஆழத்தில் மேலுள்ள பாறையின் அழுத்தம் மட்டுமே ஏறக்குறைய 1,300 வளிமண்டலங்கள்.

பிளவுக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்? சூடான தண்ணீரில் கழுவிய டம்ளரைச் சமையல் மேடையின் ஈரத்தில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். யாரும் தொடாமலேயே அது கொஞ்ச தூரம் வழுக்கிப்போகும். டம்ளரின் எடை குறையவில்லை, மேடையின் சரிவும் கூடவில்லை. உள்ளே அடைபட்ட காற்று சூடாகி, டம்ளரின் எடையில் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொள்கிறது. அதனால் விளிம்புக்கும் மேடைக்கும் இடையிலான பிடி தளர்கிறது. பாறைப் பிளவில் இதே வேலையைத் தண்ணீரின் அழுத்தம் செய்கிறது. இரண்டு முகங்களையும் அது பிரித்துத் தள்ளுவதால் உராய்வு குறைகிறது. ஏற்கெனவே நழுவும் நிலையில் இருந்த பிளவு நழுவிவிடுகிறது.

நழுவும்போது வெளிப்படும் ஆற்றலைத் தண்ணீர் கொண்டுவரவில்லை. அதைப் பூமி நெடுங்காலமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. எப்போது வெளிப்பட வேண்டும் என்ற தேதியைத்தான் நாம் முன்னே இழுத்துவிடுகிறோம். பிளவில் சேர்ந்திருக்கும் இறுக்கம் குறைவு என்றால் சின்ன உறுமலோடு விஷயம் முடிந்துவிடும். அதிகம் என்றால் ஊரே இடியலாம்.

1967 என்ற ஆண்டு

இந்த உண்மை அறிவியலுக்குப் புரிந்த விதம் சுவையானது. அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகே ராணுவ ஆயுதச் சாலை ஒன்று தன் ரசாயனக் கழிவுநீரை ஒழிக்க வழி தேடியது. 3,671 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு வெட்டி 1962 முதல் அதற்குள் செலுத்தியது. அதுவரை அமைதியாக இருந்த ஊரில் அதிர்வுகள் தொடங்கின. டேவிட் எவன்ஸ் என்ற புவியியலாளர் கழிவுநீரின் அளவையும் அதிர்வுகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. 1966 பிப்ரவரியில் செலுத்துவதை நிறுத்தினார்கள். ஆனால் மிகப் பெரிய அதிர்வு அதற்கு ஒன்றரை ஆண்டு கழித்து, 1967 ஆகஸ்டில் வந்தது. குழாயை மூடியதும் அழுத்தம் மறைந்துவிடாது. அது பாறையின் மெல்லிய விரிசல்கள் வழியே மெதுவாகப் பரவிக்கொண்டே போகும்.

டென்வருக்கு நான்கு மாதம் கழித்து மகாராஷ்டிரத்தின் முறை வந்தது. 1967 டிசம்பர் 11, விடியற்காலை. கொய்னா அணையை ஒட்டிய கொய்னாநகரில் அளவு 6.3 நிலநடுக்கம். ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். 103 மீட்டர் உயரமுள்ள அணையில் விரிசல் விட்டது, ஆனால் அணை நின்றது. நீர்த்தேக்கத்தில் 1962 முதல் தண்ணீர் நிரப்பத் தொடங்கியதுமே சிறு அதிர்வுகள் ஆரம்பித்துவிட்டன. தக்காணப் பீடபூமி அசையாத நிலம் என்று அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. உலகில் நீர்த்தேக்கம் தூண்டிய நிலநடுக்கங்களில் மிகப் பெரியது இன்றுவரை கொய்னாதான்.

கொய்னாவின் சிறப்பு அதோடு முடியவில்லை. 1985இல் தெற்கே வார்ணா அணையிலும் தண்ணீர் தேங்கத் தொடங்கிய பிறகு அதிர்வுகள் அந்தப் பக்கமும் நகர்ந்தன. இதுவரை அளவு 5ஐத் தாண்டியவை மட்டும் 20க்கும் மேல். ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் ஹர்ஷ் குப்தாவும் சக ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகள் அங்கேயே கண் வைத்திருந்தார்கள். அவர்கள் கவனித்தவற்றில் இரண்டு முக்கியமானவை. நீர்மட்டம் வேகமாக ஏறும் பருவமழைக் காலத்துக்குப் பின் அதிர்வுகள் கூடுகின்றன. நீர்மட்டம் முந்தைய உச்சத்தைத் தாண்டும் ஆண்டுகளில் பெரிய அதிர்வுக்கு வாய்ப்பு அதிகமாகிறது. பழகிப்போன அளவுவரை பாறை தாங்கிக்கொள்கிறது, புதிய அழுத்தம் வரும்போதுதான் பதில் சொல்கிறது.

2016 டிசம்பரில் அங்கே இன்னொரு துணிச்சலான முயற்சி தொடங்கியது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் கராட் நகரில் ஆழ்துளை ஆய்வகம் ஒன்றை அமைத்து, கோத்தணே கிராமத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டது. மேலே ஒன்றேகால் கிலோமீட்டர் தடிமனுக்கு எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை அடுக்கடுக்காக வந்தது. அதற்குக் கீழே பழமையான கருங்கல் பாறை. 2017 ஜூனில் துளை முடிந்தது. நிலநடுக்கம் பிறக்கும் பாறையைத் தொட்டுப் பார்த்து, அதன் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் முயற்சி இது.

இடுக்கியின் கணக்கு

குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாற்றை மறித்து நிற்கிறது இடுக்கி வளைவு அணை. உயரம் ஏறக்குறைய 169 மீட்டர், கொய்னாவைவிட மிக அதிகம். செறுதோணி, குளமாவு என்ற துணை அணைகளும் சேர்ந்து 200 கோடி கன மீட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. மூலமற்றத்தில் 780 மெகாவாட் மின்சாரம் இந்தத் தண்ணீரால்தான். 1970களின் நடுவில் தண்ணீர் தேங்கியது. 1977இல் அளவு 3.5 அதிர்வு வந்தது. உலகில் நீர்த்தேக்கங்கள் தூண்டிய நிலநடுக்கங்களின் பட்டியலில் இடுக்கியின் பெயர் ஏறியது அப்போதுதான்.

கொய்னாவின் 6.3ஐயும் இடுக்கியின் 3.5ஐயும் ஒப்பிட்டால் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். அந்தக் கணக்குப்படி கொய்னாவில் வெளிப்பட்டது இடுக்கியைவிடச் சுமார் 16 ஆயிரம் மடங்கு. உயரமான அணையில் சின்ன அதிர்வு, குள்ளமான அணையில் பேரிடர். தண்ணீரின் ஆழம்தான் காரணம் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அடியில் உள்ள பிளவு எவ்வளவு பெரியது, எவ்வளவு இறுகிப்போய் நழுவக் காத்திருக்கிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. உலகில் உள்ள ஆயிரக்கணக்கான பெரிய அணைகளில் நூற்றுச் சொச்சம் இடங்களில்தான் இப்படிப்பட்ட அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன.

இடுக்கியைச் சுற்றி அதன்பிறகும் நிலம் அசைந்தது. 1988 ஜூன் 7 அன்று அணைக்கு அருகே அளவு 4.5. 2000 டிசம்பர் 12 அன்று இடுக்கிக்கு மேற்கே, கோட்டயம் மாவட்டத்து ஈராற்றுப்பேட்டையை மையமாகக் கொண்டு 5.0. அடுத்த மாதமே, 2001 ஜனவரி 7 அன்று 4.8. 2011இன் பிற்பாதியில் 4ஐத் தொடாத சின்ன அதிர்வுகள் பலமுறை வந்தன. முல்லைப் பெரியாறு பிரச்சினை சூடாக இருந்த நேரம் அது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டி 1895இல் திறக்கப்பட்ட அணை தாங்குமா என்று கேரளத்தில் பயம். ஐந்து மாவட்ட விவசாயத்துக்கும் குடிநீருக்கும் அடிப்படையான தண்ணீர் போய்விடுமோ என்று தமிழ்நாட்டில் பயம். கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையே போக்குவரத்தே நின்றுபோனது.

மலைத்தோட்டங்களின் லயன் வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தச் சின்ன அதிர்வுகள் கேட்டுப் பழகியவை. முதலில் பூமிக்கு உள்ளிருந்து வெடி வைத்தாற்போல ஒரு முழக்கம். உடனே ஓட்டுக்கூரை சலசலக்கும், அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். இரண்டு மூன்று விநாடிகளில் எல்லாம் அடங்கிவிடும். சத்தம் வருவதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள சார்னோகைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறைகள் வேகமாக அதிரும் அலைகளை விழுங்கிவிடாமல் மேலே கொண்டுவருகின்றன. நடுக்கம் பிறந்த இடம் ஆழம் குறைவாக இருந்தால், காதுக்குக் கேட்கும் அதிர்வெண்ணிலேயே அலைகள் நிலத்தை அடைந்து காற்றில் கலக்கின்றன. இமயமலையில் பெரிய நடுக்கத்தை உணர்ந்தவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். இடுக்கிக்காரர்கள் சத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

எல்லாவற்றுக்கும் அணையா?

எந்த அதிர்வு வந்தாலும் அணையைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறக்குறைய 6 அளவுக்கு நிலநடுக்கம் வந்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்ட அந்த நடுக்கத்தின்போது மலம்புழா, பரம்பிக்குளம், ஆழியாறு எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயே பழைய புவியோட்டுத் தையல் ஒன்றின் மேல்தான் இருக்கிறது. அதன் மேற்கு ஓரத்தில், பாரதப்புழை ஓடும் தேசமங்கலம் பகுதியில், 1994 டிசம்பர் 2 அன்று 4.3 அளவு அதிர்வு வந்தது. வடக்காஞ்சேரி நிலநடுக்கம் என்று பதிவான அதை ஆராய்ந்தவர்கள், அந்தப் படுகையில் ஒரு பழைய பிளவு அண்மைப் புவியியல் காலத்திலும் அசைந்திருப்பதற்கான தடயங்களைக் கண்டார்கள். 2024 ஜூன் 15 காலையிலும் மறுநாள் அதிகாலையிலும் திருச்சூர், பாலக்காடு மாவட்ட எல்லையில் உணரப்பட்ட 3 அளவு அதிர்வுகளும் இந்த வட்டாரத்தில்தான்.

அப்படியென்றால் அணை தூண்டியது, தானாக வந்தது என்று எப்படிப் பிரிப்பது? நிலநடுக்க ஆய்வாளர்கள் சில கேள்விகளைக் கேட்பார்கள். தண்ணீர் தேங்கிய பிறகு அதிர்வுகளின் எண்ணிக்கை கூடியதா? மையம் ஏரிக்கு அருகில், குறைந்த ஆழத்தில் இருக்கிறதா? நீர்மட்டம் ஏறி இறங்குவதோடு ஒத்துப்போகிறதா? பெரிய அதிர்வுக்கு முன்னும் பின்னும் சிறு அதிர்வுகள் கூட்டமாக வந்தனவா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் கொய்னா மாதிரி. ஒன்றுக்கும் ஆம் இல்லை என்றால் 1900 கோவை மாதிரி. நடுவில் நிற்பவைதான் சிக்கல். அவற்றைத் தீர்க்க வாக்குவாதம் உதவாது, பல ஆண்டுகளின் துல்லியமான பதிவுகள்தான் உதவும்.

வெந்நீர் தேடும் துளைகள்

மறுபடி புவிவெப்பத்துக்கு வருவோம். அணையும் ஆழ்துளையும் ஒரே வேலையைச் செய்தாலும் செய்யும் முறை வேறு. இடுக்கியில் 150 மீட்டர் தண்ணீர் நின்றால் அடியில் கூடும் அழுத்தம் சுமார் 15 வளிமண்டலங்கள்தான். ஆனால் 60 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஆண்டுக்கணக்கில் அது நீடிக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் புவிவெப்பத் திட்டம் ஒன்றில், 2006 டிசம்பர் 2 முதல் 5 கிலோமீட்டர் ஆழத் துளைக்குள் ஏறக்குறைய 300 வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர் செலுத்தினார்கள். மொத்த அளவு வெறும் 11,500 கன மீட்டர். இடுக்கியில் நிற்பது அதைப்போல ஒரு லட்சத்து எழுபதாயிரம் மடங்கு. ஆனாலும் ஆறே நாளில், டிசம்பர் 8 அன்று, 3.4 அளவு அதிர்வு நகரத்தை உலுக்கியது. 1356இல் நிலநடுக்கத்தால் அழிந்த நினைவு இன்னும் மறையாத நகரம் அது. திட்டம் நின்றது, பின்னர் கைவிடப்பட்டது.

சூடான பாறை இருந்தும் தண்ணீர் ஓட வழியில்லாத இடங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். அங்கே பாறையை அழுத்தத்தால் பிளந்து வழி உண்டாக்க வேண்டும். கலிபோர்னியாவின் கீசர்ஸ் போன்ற இடங்களில் நீராவி இயற்கையாகவே கிடைக்கிறது. அங்கும் தண்ணீரை மறுபடி உள்ளே விடும்போது சிறு அதிர்வுகள் வருகின்றன, ஆனால் பல பத்தாண்டுகளாக மின்நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தியாவில் இதற்கு முதல் வேட்பாளர் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. 4,400 மீட்டர் உயரத்தில் 84 டிகிரி வரை கொதிக்கும் ஊற்றுகள் அங்கே உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்தான். 2021இல் ஓஎன்ஜிசி அங்கே புவிவெப்பத் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. இமயமலை இயங்கிக்கொண்டிருக்கும் மலை, அங்கே பிளவுகள் இறுகித்தான் இருக்கும். கேரளத்து மலைகளின் நிலை வேறு. இந்தப் பழைய கேடயப் பாறையில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் 15 முதல் 20 டிகிரிதான் கூடும். மின்சாரம் தரும் 150 டிகிரியைத் தொட 7 கிலோமீட்டர் தோண்ட வேண்டும். செலவுக்குக் கட்டுப்படியாகாது.

இந்த ஆபத்தைச் சமாளிக்கப் புவிவெப்பத் துறை ஒரு வழி கண்டது. அதிர்வின் அளவுக்கு ஏற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சிக்னல் வைத்து, சிவப்பு வந்தால் தண்ணீரை நிறுத்துவது என்ற நடைமுறை பரவியது. ஆனால் பாசலிலேயே தண்ணீரை நிறுத்திய சில மணி நேரம் கழித்துத்தான் பெரிய அதிர்வு வந்தது. போஹாங்கில் கடைசியாகத் தண்ணீர் செலுத்தியது செப்டம்பரில். அதற்கு இரண்டு மாதம் கழித்து நகரம் குலுங்கியது. அதே ஆண்டு ஏப்ரலிலேயே 3ஐத் தாண்டிய ஓர் அதிர்வு எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் வேலை நடந்தது. செலுத்தும் தண்ணீரின் அளவைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்ற எண்ணத்தை போஹாங் உடைத்துவிட்டது. இறுகிய பெரிய பிளவு ஒன்று குறுக்கே வந்தால், கொஞ்சம் தண்ணீரே போதும்.

நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண்

அணையில் சிக்னல் விளக்கு வைக்க முடியாது. பருவமழை கொட்டும்போது நீர்மட்டம் ஏறுவதை யாரும் ஒரு பொத்தானை அமுக்கி நிறுத்த இயலாது. 2018 ஆகஸ்ட் 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி அணையின் மதகைத் திறக்க வேண்டி வந்ததே அதற்குச் சாட்சி. நம் கையில் இருப்பது இரண்டு விஷயங்கள்தான். ஒன்று, நீர்மட்டம் எவ்வளவு வேகமாக ஏறலாம், முந்தைய உச்சத்தை எப்போது தொடலாம் என்பதைப் பாறையின் கணக்கையும் சேர்த்து முடிவு செய்வது. இன்னொன்று, 4, 5 அளவு அதிர்வைக்கூடத் தாங்காத பழைய லயன் வீடுகளையும் மலைச்சரிவுக் கட்டடங்களையும் பலப்படுத்துவது. அணை தூண்டினாலும் பூமி தானாக அசைந்தாலும் இடியப்போவது அதே சுவர்தான். 2002இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட வரைபடம் கேரளம் முழுவதையும் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில்தான் வைத்தது.

தேனி, கம்பம் பகுதியில் காலையில் பத்திரிகையை எடுத்ததும் பலர் தேடுவது முல்லைப் பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி என்ற பெட்டிச் செய்தியைத்தான். நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று எல்லாம் அதில் வரும். அந்தப் பெட்டியில் இன்னும் ஒரு வரி சேர்ந்தால் போதும்: கடந்த 24 மணி நேரத்தில் அணையைச் சுற்றிப் பதிவான அதிர்வுகள் எத்தனை, பெரியதன் அளவு என்ன. டேவிட் எவன்ஸ் டென்வரில் செய்ததும் அவ்வளவுதான், இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பத்து ஆண்டுகள் அப்படி வைத்துக்கொண்டே வந்தால், இடுக்கியில் எந்த முழக்கம் அணையுடையது, எது மலையுடையது என்பதை எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம்.